ஒன்றை மட்டும் நம்பாதவர்

வாய்க்கால் கரை வழியாகக் கீழ்வேளூர் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு மூலைமட்டம், சிலிகான் அடிக்கும் துப்பாக்கி. வாய்க்காலில் தண்ணீர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நாற்றங்காலுக்குச் சேறடித்துக்கொண்டிருந்த டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தாமலே கேட்டார்.

"எங்கண்ணே, பையோட?"

"ஊருக்கு."

எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு இடத்தை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பாவோடு படகில் போய்க்கொண்டிருந்ததைப் பத்தொன்பது வயதில் விட்டேன். ஷார்ஜாவில் ஒன்பது வருடம் கட்டடங்களுக்கு அலுமினிய ஜன்னல் மாட்டினேன். கட்டடங்கள் பாதியில் நின்றபோது எங்களையும் நிறுத்தி அனுப்பினார்கள். திரும்பிவந்து திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக்காரர்களுக்குப் பந்தல் கட்டினேன். இறால் பண்ணையில் மோட்டார் பார்த்தேன். எங்கிருந்து கிளம்பினாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறேன். இந்த ஒரு இடத்தில்தான் சொல்லவில்லை. பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு, வேலை கொடுத்தவர் தொழுகையில் இருந்த நேரம் பார்த்துக் கிளம்பினேன்.

நான் விட்டுவந்த இடம் மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில். அதற்குள் ஒரு பெண் மைக்ராஸ்கோப் கட்டிக்கொண்டிருந்தார். மேசையில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சாமான் இல்லை. அது கட்டில் அளவு இருந்தது.

அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. பக்கத்து ஊர் முஸ்லிம் குடும்பம். அத்தா மஸ்கட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மகள் இங்கே படித்து, ஜெர்மனியில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, தாய்மாமாவின் பழைய ரைஸ்மில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரில் அவரை டாக்டர் என்றார்கள். அதை நம்பி ஒரு அம்மா காய்ச்சல்கார மகளைக் கூட்டிக்கொண்டு மில் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா நகரவில்லை. இவர் உள்ளே போய் இரண்டு தெர்மாமீட்டர் கொண்டுவந்து இரண்டையும் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் ஆட்டோவுக்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அவரைப் பற்றி ஒன்று சொன்னால் போதும் என்றால் அந்த இரண்டாவது தெர்மாமீட்டரைத்தான் சொல்வேன்.

என்னை அவர் வேலைக்கு எடுத்ததும் அப்படித்தான். கீழ்வேளூர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

"நீங்க கண்ணாடி வேலை பாக்குறவங்கதானே? தொட்டி ஒட்டினா சிலிகான் காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"தொட்டா ஒட்டாம இருக்க ஒரு மணி நேரம். தண்ணி ஊத்தணும்னா ரெண்டு நாள்."

நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதே கேள்வி. அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் நாளும் ஸ்கூட்டி வந்து நின்றது.

"சிலிகான் காய எவ்வளவு நேரம்ணே ஆகும்?"

"ஏம்மா, உங்களுக்குக் காது கேக்காதா? ரெண்டு நாளா என்னத்தச் சொல்லிக்கிட்டு இருக்கேன்?"

"கேக்குது. மூணு தடவையும் ஒரே பதில் வருதான்னு பாத்தேன். உங்களுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட கேட்டேன். வேலை தர்றேன்னு சொன்னதும் அவங்க சொன்ன ரெண்டு நாள் அரை நாளாயிடுச்சு. வாங்க, மில்லைக் காட்டுறேன்."

டீக்கடைக்காரர் எனக்குப் பின்னாலிருந்து, "போங்கண்ணே, பரிட்சையில பாஸாயிட்டீங்க" என்றார்.

நான் போனபோது மில்லின் சிமெண்ட் தரை முழுக்க எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. பன்னிரண்டு தட்டு. எல்லாவற்றிலும் விளிம்புவரை தண்ணீர். சாப்பாடு போட்டு ஆள் வராத பந்தி மாதிரி இருந்தது. நாகப்பட்டினம் பஸ் மெயின்ரோட்டில் போகும்போதெல்லாம் அவர் குனிந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்து நோட்டில் எழுதினார். எந்தத் தட்டில் தண்ணீர் குறைவாக நடுங்குகிறதோ அங்கேதான் மெஷினின் கால் இறங்கும். நெல் அவித்த பழைய மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஏழாவது தட்டு முதல் நாளே அசையாமல் நின்றது. இதுதான் இடம், வேலையை ஆரம்பிக்கலாம் என்றேன்.

"இன்னைக்குத்தானே நின்னுருக்கு" என்றார்.

ஐந்து நாள் பஸ் எண்ணினோம்.

அந்த மெஷின் என்ன செய்யும் என்று அவர் எனக்கு விளக்கியது ஒரே ஒரு தடவைதான். ஒரு தடவை போதும் என்று அவர் விட்டது அதை மட்டும்தான். மில்லின் ஓட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியே காலை வெயில் குச்சியாக இறங்கி, அதற்குள் பழைய தவிட்டுத் தூசி பறந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களாண்ணே, வெளிச்சம் போற தடத்துல இருக்குற தூசி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. பக்கத்துல தூசி இல்லாமலா இருக்கு? இந்த வெளிச்சத்தை ஒரு லென்ஸ் வச்சுத் தட்டையாக்கி, தாள் கனத்துக்குக் கொண்டுவந்துடலாம். அதைச் சாயம் ஏத்துன வேருக்குள்ள குறுக்கால விட்டா அந்த ஒரு தாள் கனம் மட்டும் ஒளிரும். மிச்சம் இருட்டா இருக்கும். எதிர்ச்சாய்வுல கேமரா நின்னு படம் எடுக்கும். தாளைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தினா முழு வேரையும் உள்ள வரைக்கும் பாத்துடலாம். வெட்டவே வேணாம். வேரும் உயிரோட இருக்கும்."

"இது மாதிரி அங்க ஜெர்மனியில இல்லையா?"

"இருக்கு. நானே ரெண்டு கட்டியிருக்கேன். கடுகு அளவுல ஒரு பொருளை வச்சா அழகாப் பாக்கும். ஒரே ஒரு பொருள்." அந்த 'ஒரே ஒரு' என்பதை, சோற்றில் கல் கிடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் பார்க்க நினைத்தது நெல் வேர். கடல் உள்ளே புகுந்துபோன வருடத்துக்குப் பிறகு கிழக்கே நிறைய வயலில் உப்பு தங்கிவிட்டது. மஸ்கட்டிலிருந்து வந்திருந்த அவருடைய அத்தா, உப்பு வயல் ஒன்றில் நன்றாக விளைந்து நின்ற ஒரு ரகத்தைப் பார்த்துவிட்டு, அதே விதையை வாங்கி, குத்தகைக்கு எடுத்த ஒரு வேலி நிலம், கிட்டத்தட்ட ஏழு ஏக்கர், முழுக்க விதைத்தார். ஒரு வேலியும் மஞ்சளாகிக் கருகியது. அந்த ஒரு வயலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஊற்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. அத்தா மறுபடி மஸ்கட்டுக்குப் போனார். மகள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஒரு வயலைப் பாத்தாங்க" என்றார். அவ்வளவுதான்.

எட்டு ரகம், ரகத்துக்கு மூன்று நாற்று, ஆக இருபத்து நாலு வேர். உப்புத்தண்ணீர் பட்ட முதல் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றொன்றாகப் பார்த்தால், கடைசி வேரைப் பார்ப்பதற்குள் அது இரண்டு நாள் உப்பில் கிடந்திருக்கும். அதனால் இருபத்து நாலும் ஒரே தொட்டியில் நிற்க வேண்டும், ஒரே ஓட்டத்தில் பார்த்து முடிக்க வேண்டும். இது அவர் கணக்கு. எனக்குப் புரிந்தது, கண்ணாடித் தொட்டி ஒழுகக்கூடாது என்பது.

தொட்டியை ஒட்டினேன், ஒழுகவில்லை. விரல் தடிமனில் இருபத்து நாலு தெளிவான பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாக நிறுத்த அலுமினியச் சட்டம் அடித்தேன். ஜன்னல் கதவு ஓடுவதுபோலச் சட்டம் ஓடி, ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தின் மேல் வந்து நிற்கும்படி மூன்று வாரம் உழைத்துச் செய்தேன். என் கையால் செய்ததில் அதுதான் நல்ல வேலை என்று இன்றும் சொல்வேன். அவர் ஓட்டிப் பார்த்தார். திரையில் வேர் நடுங்கியது. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கியது. பத்துத் தடவை ஓட்டிவிட்டு, "கழட்டிடலாம்ணே" என்றார்.

"மூணு வாரம்மா."

"தெரியும். வேர் நகரக்கூடாது. நாமதான் நகரணும்."

அன்று மத்தியானம் சாப்பிடாமல் கழற்றினேன். கோபத்தில் ஒரு திருகாணியை வாய்க்காலில் எறிந்தேன். அவர் அதைப் பார்த்தார். அதே அளவில் மூன்று திருகாணி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தொட்டியும் குழாயும் அசையாமல் மேலே நின்றன. லேசர், லென்ஸ், கேமரா மூன்றும் ஒரு தட்டில் உட்கார்ந்து, தொட்டிக்கு அடியில் சாய்வாக மேல்நோக்கிப் பார்த்தபடி ஓடின. அந்தத் தட்டு ஓடுவதற்குத் தண்டவாளம் தேடித் தஞ்சாவூர் போனோம். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் பழைய மெஷினைப் பிரித்து விற்கிற கடையில் நல்லதாக ஒன்று எடுத்துக் காட்டினேன். அவர் மூன்று வாங்கினார். மூன்றையும் மில்லில் போட்டு அளந்து, நான் காட்டியதைத்தான் கடைசியில் மாட்டினார். அதற்காக என்னைப் பாராட்டவில்லை. மற்ற இரண்டையும் பார்க்காமல் அதை நல்லது என்று நான் சொல்லியிருக்கக்கூடாது என்றார்.

தாய்மாமாவின் மனைவி தினமும் சாப்பாடு அனுப்புவார், சில நாள் அவரே கொண்டுவருவார். மருமகள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்பது அவருக்குப் பெரிய குறை.

"சிங்கப்பூர் மாப்பிள்ளை. தங்கமான பையன். வந்து ஒரு தடவை பாருன்னா பாக்க மாட்டேங்குறா" என்று என்னிடம் முறையிட்டார்.

"ஒருத்தரைத்தானே மாமி காட்டுறீங்க" என்றார் இவர், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப இருபத்து நாலு பேரையும் வரிசையா தொட்டியில நிக்க வைக்கணுமா உனக்கு?"

"நின்னா நல்லதுதான் மாமி. உள்ள என்ன இருக்குன்னு வெட்டாமலே பாத்துடலாம்."

மாமி சிரிக்கக்கூடாது என்று முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

கேமரா மட்டும் அவருடையது இல்லை. ஒரு ஆராய்ச்சி நிலையம் ஒரு வருடத்துக்கு இரவல் கொடுத்தது. வருடம் முடியும்போது மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். இருபத்து நாலு வேரும் ஒரே ஓட்டத்தில் தெரிந்தால் கேமரா இருக்கும். தெரியாவிட்டால் எடுத்துப்போவார்கள். கேமரா இல்லாவிட்டால் அந்தக் கட்டில் அளவு மெஷினுக்குக் கண் இல்லை.

அவர்கள் வரும் தேதி நோன்பு மாதத்தில் விழுந்தது.

குழாய்க்குள் வேரைப் பிடித்து நிறுத்த, தண்ணீர் மாதிரித் தெளிவான ஒரு பசை வேண்டும். சென்னையிலிருந்து வரவேண்டிய டப்பா வரவில்லை. அது அடிப்படையில் கடல்பாசிதான் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் தட்டில் துண்டுபோட்டு வைக்கிற அதே கடல்பாசி. வெள்ளை இழையாகப் பாக்கெட்டில் விற்பார்கள். கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, சர்க்கரை போட்டு, ஆறவிட்டால் கட்டியாகும். சர்க்கரை போடாமல் வடிகட்டினால் வேருக்கு மெத்தை. அவர் நாகப்பட்டினத்தில் ஏழு கடையில் ஏழு பாக்கெட் வாங்கி, ஏழையும் காய்ச்சி, ஏழு டம்ளரில் ஊற்றி, பின்னால் செய்தித்தாளை வைத்து எது வழியாக எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று படித்துப் பார்த்தார். ஐந்தாம் கடைச் சரக்கு ஜெயித்தது.

காய்ச்சுவது என் பொறுப்பு. ஷார்ஜாவில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம், ஐந்து பேர் நோன்பு வைப்பவர்கள். ஒன்பது வருடம் அவர்களுக்குக் கடல்பாசி காய்ச்சியவன் நான்தான். நான் நோன்பில்லை என்றாலும் பகலில் அவர்கள் எதிரில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சமைக்கும்போது ருசியும் பார்த்ததில்லை. மில்லிலும் அப்படியே இருந்தேன்.

அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் இரண்டு சட்டி வைத்தேன். ஒன்று குழாய்க்கு. இன்னொன்று பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு மாமி கேட்டது. இரண்டும் ஒன்றாகக் கொதித்தன. கிளறினேன். இழை கரைந்து தெளியும்போது சர்க்கரையை அள்ளிப் போடுவது என் கைக்குத் தெரிந்த வேலை. அதற்கு நான் தேவையில்லை. சாதாரண நாளாக இருந்தால் யாராவது கரண்டியை நக்கியிருப்பார்கள். அன்று மில்லில் இருந்த ஒருவரும் எதையும் வாயில் வைக்கவில்லை. வேரோடு குழாயில் ஊற்றினோம். கெட்டியானது.

மறுநாள் காலை மூவரும் வந்தார்கள். தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். விளக்கை அணைத்தோம். நீல வெளிச்சம் தாளாக எழுந்து, தட்டு ஓடியது. திரையில் வேர் வரவில்லை. பச்சையாக ஏதோ கலங்கலாக வந்தது, மழைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற டிராஃபிக் விளக்கு மாதிரி. முதல் குழாய், இரண்டாவது, மூன்றாவது. இருபத்து நாலும் அப்படியே. அவர் நடுவில் நிறுத்தவில்லை. கடைசிக் குழாய்வரை ஓட்டிக் காட்டினார்.

பேராசிரியர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் வேறொரு படத்தைப் பார்த்து, "இது என்னம்மா, அருமையா இருக்கே" என்றார். ஒரு வேர், ஒவ்வொரு அறையும் தேன்கூடு மாதிரித் தெளிவாக இருந்தது.

"அது போன மாசம் எடுத்தது சார். ஒரே ஒரு குழாய். இந்தத் தண்டவாளம் மாட்டுறதுக்கு முன்னாடி."

"இதையே வச்சு எழுதிடலாமே. இருபத்து நாலுக்கும் இப்படி வரும்னு ஒரு வரி சேத்துட்டா முடிஞ்சு போச்சு."

"வரல சார்."

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"தெரியுது சார். ஒண்ணு வந்துச்சு, இருபத்து நாலு வரல. அப்படியே எழுதிக்குங்க."

பேராசிரியர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சாயங்காலம் நாகப்பட்டினத்துலேருந்து இந்த வழியாத்தான் தஞ்சாவூர் திரும்புறோம். இன்னொரு தடவை பாக்குறோம். அப்பவும் இப்படித்தான்னா கேமராவை வண்டியில ஏத்திக்க வேண்டியதுதான். வேற வழியில்லம்மா."

கார் போன பிறகு அவர் உட்காரவில்லை. குழாய் வரிசையைச் சுற்றி நடந்தார். ஒரு இடத்தில் நின்றார். காலியான சட்டியின் விளிம்பிலிருந்து மேசைக்கால் வழியாகக் குழாய்ச் சட்டம்வரை எறும்பு போய்க்கொண்டிருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை டப்பா இருக்க வேண்டியதைவிட லேசாக இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, இந்தச் சட்டியில சர்க்கரை போட்டீங்களா?"

"இல்லம்மா. சர்க்கரை அந்தச் சட்டியிலதான் போட்டேன். கிளறுன கரண்டி பட்டிருக்கும்."

ஏன் சொன்னேன் என்று தெரியாது. ஒன்பது வருடம் ஒரு குறை இல்லாமல் காய்ச்சியவன் என்ற கர்வமாக இருக்கலாம்.

அவர் தலையசைத்தார். கோளாறு பாசியில் இல்லை என்றால் மெஷினில் இருக்கிறது. தண்டவாளம் மாட்டியதில் லென்ஸ் கோணம் தவறியிருக்கலாம். அவரிடம் மிச்சம் இருந்தது ஒரு நாள். எப்போதும் இரட்டையாக வளர்ப்பவர் என்பதால் இன்னொரு தொகுதி நாற்றும் இருந்தது. பாசி தீர்ந்துவிட்டது, ஐந்தாம் கடைக்கு அன்று வார விடுமுறை, திறப்பது மறுநாள் காலைதான். அதனால் காய்ச்சிப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. லென்ஸைக் கழற்றிச் சீர்படுத்துவதென்றால் அன்றே தொடங்க வேண்டும். அந்த லென்ஸ்களை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நிறுத்த அவருக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு முறை தளர்த்தினால் ஒரு நாளில் மறுபடி சேருமா என்பது அவருக்கே தெரியாது.

நாலு மணிக்கு மறுபடி கேட்டார்.

"அண்ணே, சர்க்கரை போட்டீங்களா?"

"இல்லைன்னு சொன்னேனேம்மா."

அவர் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஸ்க்ரூடிரைவர்களை வரிசையாக வைத்தார். பிறகு அஸர் தொழுகைக்குப் பாயை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். தொழுதுவிட்டு வந்து மூன்றாவது தடவை கேட்பார். அது எனக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினேன்.

கரையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, ஸ்டேஷனை நெருங்கும்போது பொழுது சாய்ந்து, அங்கிருந்த பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிவிட்டார்கள். முகம் தெரியாத ஒருவர், "வாங்க, கஞ்சி குடிச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். பசி. உட்கார்ந்து குடித்தேன். ரோஸ் நிறத்தில் கடல்பாசியும் தட்டில் வந்தது. அதை மட்டும் தொடவில்லை.

தஞ்சாவூருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"அண்ணே, நோன்பு திறந்தாச்சா?" என்றார். நான் நோன்பு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"ம்."

"மூணாவது தடவை கேக்குறேன். சர்க்கரை போட்டீங்களா?"

எதிர் பிளாட்பாரத்தில் ஒரு ஆடு போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. அது தின்று முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"போட்டேம்மா."

"எவ்வளவு?"

"ரெண்டு கைப்பிடி."

"ரெண்டா, மூணா?"

"ரெண்டு. பெரிய கைப்பிடி."

பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. ஏதோ எழுதினார். "சரியா வருதுண்ணே. பாகுல வெளிச்சம் வளையும்ல, ரெண்டு கைப்பிடிக்கு எவ்வளவு வளையணுமோ அவ்வளவுதான் வளைஞ்சிருக்கு. மெஷின்ல ஒண்ணுமில்ல."

"லென்ஸைக் கழட்டிட்டீங்களா?"

"உங்ககிட்ட மூணாவது தடவை கேக்காம எப்படிக் கழட்டுவேன்?"

கையிலிருந்த டிக்கெட்டை இரண்டாக மடித்தேன். கடைசியில் நானே சொன்னேன். "என் பதில் மாறிடுச்சும்மா. அந்த நாலு பேரு மாதிரி. அப்ப நானும் வேலைக்கு ஆக மாட்டேன்."

"ஒரு தடவை தப்பு வந்துருக்கு. அத வச்சு ஒரு ஆளைப் பத்தி என்ன சொல்ல முடியும்? குறைஞ்சது இன்னும் ரெண்டு தடவையாவது பாக்கணும். காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க. வரும்போது மெயின்ரோட்டுல நில்லுங்க, அஞ்சாம் கடைக்குப் போயிட்டு வர்றேன், சேந்தே வந்துடலாம்."

போனை வைத்துவிட்டார். ரயில் வந்தது, நின்றது, போனது.

மறுநாள் மாலை நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் கார் வந்து நின்றபோது, திரையில் வேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. எட்டில் இரண்டு ரகத்தின் வேர்முனை உப்பைக் கண்டு சுருங்காமல் நின்றது. பேராசிரியர் கைதட்டினார். இவர், இன்னும் இரண்டு தடவை இப்படி வந்தால்தான் அந்த ரகங்களின் பெயரையே வெளியே சொல்வேன் என்றார். கேமரா வண்டியில் ஏறவில்லை. இதெல்லாம் மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்த நேரம் பின்கட்டில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆனால் காலையில் அவர் எனக்குக் கொடுத்த வேலை வேறு. பாசியை அவரே காய்ச்சினார். மூன்று சட்டியில் தனித்தனியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் இருபத்து நாலு குழாயில் ஊற்றி, ஒவ்வொரு குழாய்க்கும் அள்ளியதில் மிஞ்சியதை இருபத்து நாலு சின்னக் கிண்ணத்தில் என் முன்னால் வரிசையாக வைத்தார். பக்கத்தில் ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர்.

"நான் நோன்பு. மாமியும் நோன்பு. நீங்க ஒருத்தர்தான் வாயில வைக்க முடியும்."

"உங்க எதிர்லயாம்மா?"

"என் எதிர்லதான். ஒவ்வொண்ணுக்கும் வாயைக் கொப்புளிச்சுட்டு."

முதல் ஸ்பூனை வாயில் வைத்தேன். ஒரு ருசியும் இல்லை. சட்டி மூன்றுதானே, மூன்று கிண்ணம் பார்த்தால் போதாதா என்று கேட்கலாமா என நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். நோட்டைத் திறந்து, ஒன்று முதல் இருபத்து நாலுவரை எண் போட்டு, பேனாவோடு காத்திருந்தார்.

"ஒண்ணு, ஒண்ணுமில்ல" என்றேன். அவர் எழுதினார். டம்ளரை எடுத்தேன்.